வழிமொழிந்தவர்: நார்பர்ட் பெலோவ்ஸ்கி

கெட்டில் கிரீக்
மார்ச் 14, 1997

அன்புள்ள ரெனி,

நேற்று திட்டக் குழுக் கூட்டத்தில் பின்வரிசையில் உன்னைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு உன் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. நம் ஊர்ப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை ஆட்டினேன். நீ ஆட்டவில்லை. சபைக்கு மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் உன் நாற்காலி காலி. உன்னோடு வந்தவர்கள், அந்தச் சக்கர நாற்காலி அம்மா உட்பட, கையில் அட்டைகளோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நீ மட்டும் இல்லை. மதியச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று உனக்காக எடுத்து வைத்திருந்தேன். ஹாம் சாண்ட்விச், ஊறுகாய், ஒரு குக்கி. கடைசியில் இரண்டு பெட்டியையும் நானே தின்றேன். அந்த அளவுக்குத் துக்கம் என்று வைத்துக்கொள்.

அப்பாவுக்கு இந்தப் பதவி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்கு முன்பு சபையில் நம் ஊருக்காக உட்கார்ந்திருந்த ஹார்வி போன வசந்தத்தில் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டான். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் நம் ஊர்த் தலைவர் லியோ என் தட்டிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றுகொண்டே கேட்டான்: "நார்ப், கோடையில யாரும் ஹீட்டர் ரிப்பேருக்குக் கூப்பிட மாட்டாங்க. நீ சும்மாதானே இருக்கே? மாசம் ஒரு தடவை சிட்டிக்குப் போ. பக்கத்துல இருக்கிறவன் கையைத் தூக்கினா நீயும் தூக்கு. சாப்பாடு போடுவாங்க."

அவ்வளவுதான். ஆற்றின் இரண்டு கரையிலும் உள்ள நகரம், ஊர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எந்தச் சாலை, எந்தப் பாலம், எந்தப் பேருந்து என்று முடிவு செய்யும் சபையில், ஹீட்டர் ரிப்பேர்காரன் ஒருவன். ஒவ்வொரு மாதமும் ஒரு கட்டுக் காகிதம் அனுப்புகிறார்கள். நல்ல கனம். லாரி இருக்கையில் அதைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால் கண்ணாடி வழியாகச் சாலை நன்றாகத் தெரிகிறது.

இத்தனை மாதத்தில் அங்கே நான் பேசியது ஒரே ஒரு சொல். "வழிமொழிகிறேன்." யாராவது ஒருவர் தீர்மானத்தை முன்மொழிந்ததும் சபைத் தலைவி "வழிமொழிபவர் யார்?" என்று கேட்பார். உடனே ஒரு மௌனம் விழும். எனக்குத்தான் மௌனம் ஆகாதே. இப்போதெல்லாம் அவர் கேட்கும்போதே என் பக்கம் திரும்பிவிடுகிறார். நேற்று நீ இருக்கிறாய் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கேட்டதா?

ஏன் போய்விட்டாய்? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அப்பா


மார்ஷ்ஃபெரி
மார்ச் 18, 1997

அப்பா,

கேட்டது.

நான் உங்களைப் பார்க்க வரவில்லை. ஒன்பதாம் எண் பேருந்தை நிறுத்தாதீர்கள் என்று கேட்க வந்தேன். எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர் வந்தோம். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள், ஆனால் கூட்டத்தின் கடைசியில்தான். நான் என் மூன்று நிமிடத்தைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு வந்திருந்தேன்.

கூட்டத்தின் தொடக்கத்தில் "மொத்த ஒப்புதல்" என்று ஒன்று நடந்தது நினைவிருக்கிறதா? விவாதம் தேவையில்லாத சில்லறை விஷயங்கள் என்று பதினொன்றை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே ஓட்டில் முடித்தார்களே, அது. ஏழாவது விஷயத்தின் பெயர் "நான்காண்டுத் திட்டத்தில் நிதி மாற்றம்". அதாவது, ஒன்பதாம் எண் பேருந்துக்கு வரவேண்டிய மத்திய அரசுப் பணம் கெட்டில் கிரீக் சாலைச் சந்திப்பை அகலப்படுத்தப் போகிறது. ஜூன் கடைசியோடு பேருந்து நிற்கும்.

மேசையில் உட்கார்ந்திருந்த யாராவது ஒருவர், "ஏழாவதை வெளியே எடுங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். எடுத்து விவாதித்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் விதி. யாரும் சொல்லவில்லை. தலைவி உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் எனக்குக் கையை ஆட்டிக்கொண்டே வழிமொழிந்தீர்கள்.

அதற்குப் பிறகு அங்கே உட்கார்ந்திருக்க எனக்கு என்ன இருக்கிறது? மற்றவர்கள் இருந்து பேசினார்கள். தலைவி, வந்ததற்கு நன்றி என்றாராம்.

மருத்துவமனை மலைமேல் இருக்கிறது. மலையில் வாடகைக்கு அடுக்குவீடு கட்டக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் சட்டம் வைத்திருக்கிறார்கள். எனக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. அறுவைக் கருவிகளைக் கழுவி, கொதிக்க வைத்து, அடுக்கிக் கொடுக்க வேண்டும். வலிப்பு வந்த பிறகு அரசாங்கம் என் டிரைவிங் லைசென்ஸை வாங்கிக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் எண் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் இந்த வீடு இல்லை.

ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுதுங்கள். போன் செய்ய வேண்டாம். போனில் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள்.

ரெனாட்டா


கெட்டில் கிரீக்
மார்ச் 25, 1997

அன்புள்ள ரெனி,

தெரியாது.

இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை முடித்திருந்தால் மானத்தோடு இருந்திருக்கும். ஆனால் நான் யார்?

திங்கட்கிழமை திட்டக் குழு அலுவலகத்துக்கே போனேன். வங்கிக்கு மேலே மூன்றாம் மாடி. அங்கே ஹீட்டர் ஓடும் சத்தமே சரியில்லை, ஆனால் அதற்காகப் போகவில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன். இயக்குநர் கர்ட் ஹாஸ் நல்ல மனுஷன். காபி கொடுத்தார். சுவரெல்லாம் வரைபடம்.

"என் பொண்ணு போற பஸ்ஸை நான் நிறுத்திட்டேனாம். நிஜமா?" என்று கேட்டேன்.

"நீங்க மட்டும் நிறுத்தலை, மிஸ்டர் பெலோவ்ஸ்கி," என்றார். "எல்லாரும் சேர்ந்துதான்."

"நான் படிக்கலையே."

"யாருமே படிக்கிறதில்லை. படிக்க வேண்டிய அவசியம் வராம நாங்க பார்த்துக்கறோம். போன அக்டோபர்லயே தொழில்நுட்பக் கமிட்டியில பேசி முடிச்சாச்சு. ஒவ்வொரு ஊர் இன்ஜினியரும் அதுல இருக்காங்க. அங்க சண்டை முடிஞ்சாத்தான் உங்க மேசைக்கு வரும்."

"சிட்டி இன்ஜினியர் ஒத்துக்கிட்டாரா? பஸ்ஸே அவங்க பஸ்தானே?"

"அவங்களுக்கு மெயின் ஸ்ட்ரீட் முழுக்கப் புதுத் தார். அதே மாற்றத்துல வந்த காசு. வாஷிங்டன்லேர்ந்து வர்ற பணம் ஒரே சட்டிதான். ஒருத்தர் கரண்டி போட்டா இன்னொருத்தருக்குக் குறையும். அதனால எல்லாருக்கும் ஒரு கரண்டி வர்ற மாதிரிப் பார்த்துக்குவோம்."

"பஸ் கம்பெனிக்காரன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவருக்குக் கமிட்டியில நாற்காலி இருக்கு. ஓட்டு இல்லை."

இறங்கி வந்து லாரியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காகிதக் கட்டின்மேல்தான்.

நீ கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். பேருந்து போகிறது என்று தெரியாது. ஆனால் நம் சந்திப்புக்குப் பணம் வருகிறது என்று தெரியும். லியோ சொல்லியிருந்தான்: "மார்ச் கூட்டத்துல நம்ம சந்திப்பு வருது. எவன் பையிலேர்ந்து வருதுன்னு கேட்காம கையைத் தூக்கிடு." நான் கேட்கவில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது. வழி இல்லாமல் போகவில்லை. உன் அறை அப்படியே இருக்கிறது. ஜன்னல் பக்கம் முழுக்க மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டேன். மெத்தை புதிது. காலை நாலரைக்குக் கிளம்பி நானே உன்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் விடுகிறேன், திரும்பக் கூட்டி வருகிறேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் என் நகைச்சுவைக்குச் சிரிக்க ஆளில்லை. நானே சொல்லி நானே சிரிக்க வேண்டியிருக்கிறது.

அப்பா


மார்ஷ்ஃபெரி
ஏப்ரல் 2, 1997

அப்பா,

மஞ்சள் பெயிண்ட்.

நான் வேலையும் வீடும் போகும் என்று எழுதினேன். நீங்கள் கடைக்குப் போய் பெயிண்ட் டப்பா வாங்கியிருக்கிறீர்கள்.

முதல் வலிப்புக்குப் பிறகு இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டீர்கள். நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கதை சொல்லிக்கொண்டிருப்பீர்கள், நான் சிரிக்கிறேனா என்று கேட்க. சிரிப்புச் சத்தம் வரவில்லையென்றால் கதவைத் திறப்பீர்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஒரு பால் பாக்கெட் வாங்க வேண்டுமென்றாலும் உங்கள் லாரியில்தான் போக வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கும்போது, உங்கள் கூட. கடைக்காரரிடம், "இவளுக்கு எப்ப வேணா வரும், பார்த்துக்கோங்க" என்று சொல்லி வைப்பீர்கள். அன்பாகத்தான். ஊரே என்னை அன்பாகப் பார்த்தது.

ஒன்பதாம் எண் பேருந்தில் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. ஏறுகிறேன், இறங்குகிறேன். அது உங்களுக்குப் புரியாது. நீங்கள் நினைத்தபோது லாரியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்.

பேருந்து நிற்பதில் உங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. மகள் வீட்டுக்கு வருகிறாள். சந்திப்பும் அகலமாகிறது.

இதை இப்படியே முடித்திருப்பேன். ஆனால் எனக்கு உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. நூலகத்தில் உங்கள் சபையின் விதிகளைப் படித்தேன். நிறைவேறிய தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மறுபரிசீலனைக்குக் கொண்டுவரலாம். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் கேட்க முடியாது. ஆதரித்து ஓட்டுப் போட்டவர்தான் கேட்க முடியும். எதிர்த்தவர் கேட்டால் செல்லாது. நாங்கள் ஆறு பேரும் தொண்டை கிழியக் கத்தினாலும் செல்லாது. அந்த மேசையில் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

ஏப்ரல் பத்தாம் தேதி கூட்டம். நீங்கள் செய்ய வேண்டியது ஒரு வாக்கியம் சொல்வது. நகைச்சுவை வேண்டாம்.

ரெனாட்டா


கெட்டில் கிரீக்
ஏப்ரல் 6, 1997

ரெனி,

உன் கடிதத்தை லியோவிடம் காட்டவில்லை. ஆனால் சிறிய ஊர். நான் மறுபரிசீலனை விதி பற்றிக் கர்ட் ஹாஸிடம் போனில் கேட்டேன். அவர் லியோவிடம் கேட்டிருக்கிறார். நேற்று மாலை லியோ வந்து சமையலறையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"நார்ப், அந்தச் சந்திப்பை லிஸ்ட்ல ஏத்த எனக்கு ஏழு வருஷம் ஆச்சு. ஏழு வருஷம் அந்தச் சிட்டிக்காரனுங்ககூட உட்கார்ந்து காய்ஞ்ச சாண்ட்விச் தின்னிருக்கேன். லாரி திரும்ப முடியலைன்னு சீஸ் ஆலைக்காரன் வேற ஊர் பார்க்கிறான். அவன் போனா இங்க எத்தனை வீட்ல அடுப்பு அணையும்னு உனக்குத் தெரியாதா? அத்தனை வீட்டுக்கும் ஹீட்டர் நீதானே பார்க்கிறே."

"என் பொண்ணுக்கு அந்த பஸ்தான்டா கால்."

"உன் பொண்ணுக்கு நீ இருக்கே. உன்கிட்ட லாரி இருக்கு. அந்த பஸ்ல காலையில எத்தனை பேர் போறாங்க, சொல்லு. பாதி காலி."

"அந்தப் பாதியில அவ இருக்கா, லியோ."

"அவ இங்க வந்து இருக்கட்டுமேன்னுதான் நீயும் சொல்றே. பெயிண்ட்கூட அடிச்சியாமே?"

பெயிண்ட் கடைக்காரன் வாய் சும்மா இருக்காது.

அவன் போன பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். கதவுக்கு வெளியே நின்று கதை சொன்னது உண்மை. நீ சிரித்ததால் உனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். நட்டம் இல்லை என்று நீ எழுதியதற்கு மறுத்து எழுத உட்கார்ந்தேன். மூன்று காகிதம் கிழித்தேன். மார்ச்சில் உன் கடிதம் வந்த அன்று, பேருந்து நிற்கிறது என்று படித்ததும் முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் நான் கடைக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை கேட்கிறேன். நீ வராதே. நீ இருந்தால் நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா


கெட்டில் கிரீக்
ஏப்ரல் 11, 1997

ரெனி,

பேப்பரில் வராது, அதனால் நானே எழுதுகிறேன்.

இந்த முறை கட்டு முழுவதையும் படித்துவிட்டுப் போனேன். பாதி புரிந்தது. உட்கார்ந்ததும் கர்ட் ஹாஸ் என் காதருகில் வந்து, "மிஸ்டர் பெலோவ்ஸ்கி, மறுபரிசீலனையை எழுப்பலாம். உங்க உரிமை. ஆனா முன்னாடியே ஆள் பிடிச்சு வச்சிருக்கீங்களா?" என்றார். எதற்கு ஆள் என்று நான் கேட்கவில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கும்போது ஆள் எதற்கு என்று நினைத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் நினைத்தேன்.

மொத்த ஒப்புதல் வந்ததும் கையைத் தூக்கினேன். தலைவி வழக்கம்போல, "பெலோவ்ஸ்கி வழிமொழிகிறார்," என்று எழுதச் சொல்லிவிட்டார். "இல்லைங்க, எனக்கு வேற ஒண்ணு," என்றேன். எழுந்து நின்றேன். அங்கே யாரும் எழுந்து நிற்பதில்லையாம், அது எனக்குத் தெரியாது. "மார்ச் மாசம் நாம செஞ்ச நிதி மாற்றத்தை மறுபடி எடுக்கணும். நான் ஆதரிச்சு ஓட்டுப் போட்டவன். படிக்காம போட்டேன்," என்றேன். "படிக்காம" என்றதும் நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை.

தலைவி, "வழிமொழிபவர் உண்டா?" என்று கேட்டார்.

மௌனம்.

அந்த மேசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஒருவர் சாண்ட்விச் பெட்டியின் மூடியை மெதுவாகத் திறந்தார். நகரத்திலிருந்து மூன்று பேர் இருக்கிறார்கள். உன் தெரு அவர்கள் தொகுதி. அவர்களைத்தான் நம்பியிருந்தேன். அந்தப் பெண், போன மாதம் கடைசியில் உன் தெருக்காரர்கள் பேசி முடித்ததும் பேருந்தைப் பற்றி உருக்கமாகப் பேசியவர், காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு தெரிந்தது. ஏழாவதைத் திறந்தால் மெயின் ஸ்ட்ரீட் தாரும் அதோடு திறந்துவிடும்.

"வழிமொழிபவர் இல்லாததால் தீர்மானம் விழுகிறது," என்றார் தலைவி. ஓட்டுக்கே போகவில்லை, ரெனி. எனக்கு எதிராக ஒருவர்கூடக் கை தூக்க வேண்டிய சிரமம் இருக்கவில்லை. அடுத்த விஷயம், பாலத்துக்கு என்ன நிறம் அடிப்பது. அதற்கு முக்கால் மணி நேரம் பேசினார்கள். பச்சை.

இடைவேளையில் அந்த நகரத்துப் பெண் என்னிடம் வந்தார். "நீங்க செஞ்சது ரொம்பத் தைரியம்," என்றார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றேன்.

"அடுத்த வருஷம் எங்களுக்கு உங்க ஊர் ஓட்டு தேவைப்படும்," என்றார். "உங்க லியோவைப் பகைச்சுக்க முடியாது." கோபமாகச் சொல்லவில்லை. விளக்கமாகச் சொன்னார், குழந்தைக்குச் சொல்வது மாதிரி.

இன்று காலை லியோ போன் செய்தான். "சபைக்கு லெட்டர் போட்டுட்டேன். உனக்கு உடம்பு சரியில்லை, அதனால வேற ஆள் வருவான்னு எழுதியிருக்கேன்."

"எனக்கு என்ன உடம்புக்கு?"

"அதை அவங்க கேட்க மாட்டாங்க," என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா


கெட்டில் கிரீக்
மே 20, 1997

ரெனி,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. இரண்டு முறை லாரியை எடுத்துக்கொண்டு உன் தெரு முனைவரை வந்தேன். பிறகு நீ சொன்ன பால் பாக்கெட் நினைவு வந்து திரும்பிவிட்டேன்.

சந்திப்பில் அளவெடுத்துக் குச்சி நட்டுவிட்டார்கள். லியோ அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். ஊரில் எல்லோரும் என்னிடம் பேசத்தான் செய்கிறார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். எனக்கு என்ன நோய் என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.

மலைமேல் வீட்டுக்காரர் ஒருவருக்குக் கொதிகலன் மாற்றிக் கொடுத்தேன். அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் அறை சும்மா இருக்கிறது. வாடகைக்குக் கேட்டேன். சட்டம் விடாது என்றார். "எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆஸ்பத்திரிக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குது," என்றார்.

மஞ்சள் அறைக்கு வா என்று கேட்கவில்லை. அந்தக் கதவை மூடிவிட்டேன். நீ என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் எழுது.

அப்பா


மார்ஷ்ஃபெரி
ஜூலை 1, 1997

அப்பா,

ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. நீங்கள் எழுந்து நின்றீர்கள் என்று படித்ததும் உங்கள்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தளர்ந்தது. தளர்வது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் தேவைப்பட்டது. அதை வைத்துக்கொண்டுதான் வேலை தேடினேன்.

மினியாபொலிஸில் ஒரு மருத்துவமனையில் இதே வேலை கிடைத்திருக்கிறது. வாசலிலேயே பேருந்து நிற்கிறது, ஒன்றல்ல, நாலு. அங்கேயும் உங்களுடையதுபோல ஒரு சபை இருக்கும், யாராவது எதையாவது வழிமொழிந்துகொண்டிருப்பார்கள். ஆனால் நாலும் ஒரே நாளில் நின்றுபோகாது என்று நம்புகிறேன். தங்க ஓர் அறை பார்த்தாகிவிட்டது. தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது.

ஒன்பதாம் எண் நேற்றோடு நின்றுவிட்டது. கடைசி நாள் ஓட்டுநர் எங்களிடம் காசு வாங்கவில்லை. சக்கர நாற்காலி அம்மாவின் பெயர் மார்சலா. நீங்கள் அட்டையோடு பார்த்தீர்களே, அவர். அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அதே மலையில். என்ன செய்வார் என்று கேட்டேன். தெரியாது என்றார். இதை உங்களை நோகடிக்க எழுதவில்லை. இல்லை, அதற்கும்தான்.

மினியாபொலிஸ் பேருந்து ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு. வெளியூர்ப் பேருந்து நிலையம் மலைக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலையோரம். அங்கே போய்க்கொண்டிருந்தது ஒன்பதாம் எண்தான். டாக்சிக்காரரிடம் கேட்டேன். ஞாயிறு விடியலில் பாலம் தாண்டி வர மாட்டாராம். எங்கள் தெருவில் யாரிடமும் கார் இல்லை.

அதனால் நீங்கள்தான் வந்து என்னைக் கொண்டுபோய் விட வேண்டும். நாலே முக்காலுக்கு வாருங்கள். இரண்டு பெட்டி இருக்கிறது, நான் தூக்கிக்கொள்வேன். வழியில் பேச வேண்டாம்.

ரெனாட்டா